தகரம் தெரியாத மாதிரி

"கொஞ்சம் அந்தப் பக்கம் வாங்க சித்தி, தகரம் தெரியுது."

அக்கா மகள் இதைச் சொன்னபோது நான் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டோரத் தண்ணிக் கானின் மேல் நின்றிருந்தேன். அவளுக்கு அப்போது பதினைந்து வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்து, முகம் கழுவி, கொழும்புக் கடையில் வேலை செய்யும் மாமா கொண்டுவந்து கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, டிக்டொக்கில் ஏற்ற ஒரு பாட்டுக்கு ஆட வந்திருந்தாள். பின்னால் தேயிலை மலை, அதற்கும் பின்னால் மூட்டம். ஆனால் திரையின் வலது மூலையில் எங்கள் லயத்துக் கூரை, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளின் கூரை, வந்துகொண்டே இருந்தது. கறுத்துப்போன தகரம், காற்றுக்குப் பறக்காமல் இருக்க மேலே வைத்த கல், ஒரு பழைய டயர். இரண்டு அடி தள்ளினேன். இன்னும் தெரிகிறது என்றாள். இன்னும் தள்ளினேன். அப்போது தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைப் பாதையில் அவளுடைய அம்மாயி, அதாவது என் அம்மா, விறகுக் கட்டோடு வந்தார். அவர் கடந்து போகட்டும் என்று இரண்டு பேரும் காத்திருந்தோம். அம்மாவும் எங்களைப் பார்த்துவிட்டு, குனிந்தபடி வேகமாக ஒதுங்கிப் போனார்.

பதினைந்து செக்கன் வீடியோவுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. அதில் லயம் இல்லை, அம்மாயி இல்லை, கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற, வேலியில் காயப்போட்ட படங்கு இல்லை. தேயிலை மட்டும் இருந்தது. பார்க்கிறவர்கள் நுவரெலியாவுக்குச் சுற்றுலா வந்த பிள்ளை என்றுதான் நினைப்பார்கள்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவள்மேல் கோபம் என்று சொல்ல முடியாது. அவள் செய்ததை நானும் செய்திருக்கிறேன்.

2012இல் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, கணக்கியல் படிக்கக் கொழும்புக்குப் போனேன். வெள்ளவத்தையில் போர்டிங். கூட இருந்த ஒருத்திதான் எனக்கு பேஸ்புக் கணக்குத் திறந்து தந்தாள். பெயர், பிறந்த தேதி எல்லாம் போட்டபின் 'சொந்த ஊர்' என்று ஒரு கட்டம் வந்தது. நான் 'கொழும்பு' என்று அடித்தேன். யோசிக்கக்கூட இல்லை, கை தானாகப் போனது.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் பிறந்த மலையகத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எந்த ஊர் என்று யாராவது கேட்டால் தோட்டத்தின் பெயரை நாங்கள் சொல்வதில்லை. ஹட்டன் என்போம், நுவரெலியா என்போம், கண்டி என்றுகூடச் சொல்லிப் பார்ப்போம். தோட்டத்தின் பெயரைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும், இல்லாவிட்டால் ஒரு பார்வை வரும். 'தோட்டக்காட்டான்' என்ற சொல்லை பஸ்ஸிலும் கடையிலும் வகுப்பிலும் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். கோப்பித் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து எங்கள் ஆட்கள் கொண்டுவரப்பட்ட 1823இலிருந்து கணக்குப் பார்த்தால் இருநூறு வருடம் தாண்டிவிட்டது. 1948இல் பறித்த குடியுரிமையை மிச்சம் இருந்தவர்களுக்கும் கொடுத்து முடிக்க 2003 வரை இழுத்தார்கள். ஊர்ப்பெயரைச் சொல்லத் தயங்குகிற நாக்குக்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது. அந்தத் தயக்கத்தை எழுதி வைக்க பேஸ்புக் ஒரு கட்டம் கொடுத்தது, அவ்வளவுதான்.

ஆறு வருடம் அந்தக் கட்டம் அப்படியே இருந்தது. அதைக் காப்பாற்ற நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தால் போட்டோ போடுவதில்லை. சொந்தக்காரப் பையன் குடும்பப் படத்தில் என்னை டேக் செய்தால் உடனே எடுத்துவிடுவேன். லயத்தில் பக்கத்துக் காம்பராவில், அதாவது பக்கத்து அறையில், இருக்கும் பிள்ளைகள் நட்பு அழைப்பு அனுப்பினால் ஏற்பதில்லை. ஒரு சொல்லை மறைக்கப் போய் ஒரு லயத்தையே மறைக்க வேண்டி வந்தது.

அதை மாற்றியதும் பேஸ்புக்தான். 2018 ஒக்டோபரில், தோட்டத் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 1000 ரூபாய் சம்பளம் கேட்டு காலிமுகத்திடலில் கூடுவோம், கறுப்பு உடையில் வாருங்கள் என்று மலையக இளைஞர்கள் போட்ட அழைப்பு என் திரையில் வந்தது. பகிர்ந்தவர்களின் பெயர்களைப் பார்த்தேன். பாதிப் பேர் எனக்குத் தெரிந்தவர்கள். கடையில் நிற்கிறவர்கள், கணக்கு எழுதுகிறவர்கள், என்னைப் போலவே 'கொழும்பு' என்று போட்டிருந்தவர்கள். 24ஆம் தேதி நானும் போனேன். அங்கே ஆயிரக்கணக்கில் நின்றார்கள். பக்கத்தில் நின்ற பெண், கேட்காமலேயே தன் தோட்டத்தின் பெயரையும் அதில் எந்த டிவிஷன் என்பதையும் சொன்னாள். நானும் சொன்னேன். அன்றிரவு போர்டிங்குக்கு வந்து அந்தக் கட்டத்தைத் திறந்து எங்கள் தோட்டத்தின் பெயரைத் தமிழில் அடித்தேன். 1000 ரூபாய் கைக்கு வர 2021 ஆகிவிட்டது, அது வேறு கதை. எனக்கு அன்று கிடைத்தது, என்னைப் போல ஒருத்தி பயப்படாமல் சொல்வதைக் கண்ணால் பார்த்தது.

அதனால்தான் பெற்றோர் கூட்டத்தில் 'போன்தான் பிள்ளைகளைக் கெடுக்குது' என்று யாராவது ஆரம்பித்தால் என்னால் சேர்ந்து தலையாட்ட முடிவதில்லை. இப்போது நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். எனக்குப் புரிந்த அளவில் விஷயம் இப்படித்தான் நடக்கிறது. ஒரு பிள்ளை 'ஊரில் எல்லாரும் இப்படித்தான்' என்று தீர்மானிப்பது சுற்றிப் பார்த்து. முன்பு சுற்றிப் பார்த்தால் லயத்தில் இருபது குடும்பம், கோயில் திருவிழா, பள்ளிக்கூடம். இப்போது போன். போன் எதைக் காட்டும்? எதை நீ அதிக நேரம் பார்த்தாயோ அதையே திரும்பக் காட்டும். அதோடு, எல்லா இடத்திலும் பேசுகிறவர்கள் கொஞ்சப் பேர், மற்றவர்கள் சும்மா பார்த்துவிட்டுப் போகிறவர்கள். எங்கள் வகுப்பு வட்ஸ்அப் குழுவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு பேர்தான் எழுதுவார்கள். ஒருவன் கேலி பண்ணி, மூன்று பேர் சிரிக்கும் முகம் போட்டுவிட்டால், கேலிக்கு ஆளான பிள்ளைக்கு முழு வகுப்பும் சிரித்த மாதிரி இருக்கும். வாயே திறக்காத முப்பது பேருக்கு அது பிடிக்கவில்லை என்பது யாருக்கும் தெரிய வராது.

இன்னொன்றும் உண்டு. நமக்கு இடத்துக்கு ஒரு பேச்சு இருந்தது. பீலிக்கரையில் பெண்கள் பேசுவது வேறு. காலையில் வேலைக்குப் பேர் போடும் பிரட்டுக்களத்தில் நிற்கிற நிலை வேறு. கோயில் வாசலில் நடப்பது வேறு. பிள்ளைகளும் அப்படித்தான் வளர்ந்தார்கள், சேட்டையை எங்கே செய்யலாம், எங்கே கூடாது என்று பழகி. போனில் இந்த இடமெல்லாம் ஒரே முற்றமாகிவிட்டது. சிநேகிதிக்காகப் போட்டதைப் பெரியப்பாவும் பார்க்கிறார், டீச்சரும் பார்க்கிறார், நாளைக்கு வேலை கொடுக்கப்போகிற முதலாளியும் பார்க்கலாம். எல்லாருக்கும் ஒத்துவருகிற ஒரே முகத்தை ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை எங்கே போய்த் தேடும்? கண்ணுக்கு முன்னால் ஏற்கெனவே லைக் வாங்கிய ஒரு முகம் இருக்கிறது. அதை எடுத்து மாட்டிக்கொள்கிறது.

அக்கா வீட்டுக்குப் போன் வந்தது 2020இல். மார்ச்சில் பாடசாலைகளை மூடியதும் பாடமெல்லாம் வட்ஸ்அப்பில் வர ஆரம்பித்தது. அக்கா சீட்டுக் காசை எடுத்து ஒன்று வாங்கினாள். லயத்துக்குள் சிக்னல் இல்லை. கோயில் மேட்டில் குடையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் வரிசையாகக் குந்தியிருப்பார்கள். பாடசாலை திறந்தபின் போன் வீட்டிலேயே தங்கிவிட்டது. அக்காவுக்கு வருகிற பேங்க் மெசேஜை வாசித்துச் சொல்வதும் ரீலோட் போடுவதும் மகள்தான். பதினெட்டு கிலோ கொழுந்தை எடுத்துக் கொடுத்துவிட்டு வரும் அம்மா, வீட்டில் போனைத் திறக்க மகளைக் கூப்பிடுகிறாள். 'பிள்ளையின் போனைக் கண்காணியுங்கள்' என்று நோட்டீஸில் எழுதுகிறவர்கள் இந்த வீட்டை நினைத்து எழுதுவதில்லை.

மாற்றம் முதலில் பேச்சில் வந்தது. வீடியோவில் ஒரு தமிழ், வீட்டில் ஒரு தமிழ். வீடியோத் தமிழ் சென்னை தொலைக்காட்சித் தமிழ் மாதிரி இருந்தது. அதில் எனக்குப் பெரிய கவலை இல்லை. பிள்ளைகள் எந்தக் காலத்திலும் குரல் மாற்றிப் பேசிப் பார்ப்பார்கள். நிறம் விஷயம்தான் என்னை உலுக்கியது. ஒருநாள் பில்டர் போடாமல் நான் எடுத்த அவள் படத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது நான் மாதிரி இல்ல சித்தி" என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தினமும் வெள்ளையாக்கிய, மூக்கு மெலிந்த முகத்தையே பார்த்துப் பார்த்து, கண்ணாடியில் தெரிகிற முகம் அவளுக்கு அந்நியமாகிவிட்டிருந்தது. நான் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. அவளுடைய போனில் பில்டர் போட்டதும் போடாததுமாக ஒரே இடத்தில் இரண்டு படம் எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "எது எது மாறியிருக்கு, சொல்லு பாப்போம்" என்றேன். தாடை, கண், தோல், கழுத்து என்று அவளே விரல் விட்டு எண்ணினாள். பிறகு இதை வகுப்பிலும் செய்தேன். பில்டர் போடாதே என்று சொல்வதைவிட, அது என்ன செய்கிறது என்று அவர்களையே கண்டுபிடிக்க விட்டால் பிள்ளைகள் ஆர்வமாக உட்காருகிறார்கள்.

பிள்ளைகளை மட்டும் சொல்வது நியாயமில்லை. பிள்ளை பெரியவளானால் நடத்தும் சடங்கு வீடுகளைப் பாருங்கள். என் காலத்தில் வீட்டு வாசலில் பந்தல், சொந்தத்துக்குச் சோறு, ஒரு அல்பம். இப்போது சடங்குக்கு முன்பே அருவிக்கரையில் போட்டோ எடுப்பு, ட்ரோன், மூன்று சேலை, வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் நாள் கணக்காக ஓடும் வீடியோ. ஒரு வீட்டார் போட்டதை அடுத்த வீட்டார் பார்த்து, அதற்குக் குறையக் கூடாது என்று கடன் எடுக்கிறார்கள். அந்தக் கடனுக்காக ஒரு வருடம் மேல்வேலை செய்த தாயை எனக்குத் தெரியும். திரையில் பார்த்ததை ஊர் வழக்கமாக்கியவர்கள் அங்கே பெரியவர்கள்தான்.

நல்லதையும் சொல்ல வேண்டும். வகுப்பில் வாயைத் திறக்கவே திறக்காத பையன் ஒருவன் இருந்தான். திக்கும். அவன் ஃப்ரீ ஃபயர் விளையாட்டில் ஒரு அணிக்குத் தலைவன். மட்டக்களப்பு, யாழ்ப்பாணம், அக்குறணை, குருநாகல் என்று எங்கெங்கோ இருக்கும் பையன்கள் அவன் சொல்கிறபடி ஓடுகிறார்கள். சிங்களத்தை அவன் அங்கேதான் பழகினான், கெட்ட வார்த்தையும் சேர்த்துத்தான். ஆனால் டவுன் கடையில் இன்று அவன் சிங்களத்தில் விலை பேசுகிறான், திக்காமல். போனைப் பிடுங்கியிருந்தால் எதைப் பிடுங்கியிருப்போம் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

இனி நான் பிழை விட்ட இடம்.

ஒரு மாணவி அழுதுகொண்டு வந்தாள். பெயர் தெரியாத ஒரு பக்கத்தில், அவள் முகத்தை வேறொரு உடம்பில் ஒட்டி, அசிங்கமாக எழுதிப் போட்டிருந்தார்கள். கீழே அவள் படிக்கிற வகுப்பும் இருந்தது. எனக்குக் கை நடுங்கியது. முதல் வேலையாக, "உன் கணக்கை அழி, இப்பவே அழி" என்றேன். அவளும் அழித்தாள். அதோடு அவளுக்கு வந்த மிரட்டல் மெசேஜ்கள் எல்லாம் கையை விட்டுப் போயின. யார் அனுப்பினார்கள், எந்தத் தேதி என்று பிறகு கேட்டபோது காட்ட ஒன்றும் இல்லை. வீட்டில் அப்பா, மானம் போய்விட்டது, இனிப் பள்ளிக்கூடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். படத்தை ஒட்டியவன் எங்கேயோ நன்றாக இருக்க, இவள் காம்பராவுக்குள் அடைபட்டாள்.

அன்றிலிருந்து நான் பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் சொல்கிற வரிசை இதுதான். முதலில் எதையும் அழிக்காதீர்கள். ஸ்க்ரீன்ஷொட் எடுங்கள், அந்தப் பக்கத்தின் பெயரும் தேதியும் தெரிகிற மாதிரி. லிங்கைப் பிரதி எடுத்து வையுங்கள். அந்த அசிங்கப் படத்தை மட்டும் யாருக்கும் அனுப்பிக் காட்டாதீர்கள், ஆறுதல் சொல்ல வருகிறவர்களுக்குக்கூட. அப்புறம் அந்தச் செயலியிலேயே ரிப்போர்ட் பண்ணுங்கள். பிள்ளை பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் 1929க்கு எடுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் அது, இருபத்து நாலு மணி நேரமும் எடுக்கலாம், காசு போகாது. இணையக் குற்றங்களுக்கு, இணையப் பாதுகாப்பைப் பார்க்கும் அரச அமைப்பான இலங்கை சேர்ட்டின் 101 இருக்கிறது. நிர்வாணப் படமோ அப்படி ஒட்டிய படமோ என்றால் 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை 2023 முதல் இருக்கிறது. படத்தை அவர்களுக்கு அனுப்ப வேண்டியதில்லை. நம் போனிலேயே அந்தப் படத்துக்கு ஒரு அடையாள எண் உருவாகி, அது மட்டும் போகும். சேர்ந்திருக்கிற தளங்கள் அதை வைத்துப் படத்தைத் தேடி எடுக்கும். பெரியவர்களுக்கு இதே மாதிரி 'ஸ்டொப் என்சிஐஐ' இருக்கிறது.

ஆனால் இது எல்லாவற்றுக்கும் முன்பு, அந்தப் பிள்ளையிடம் முதலில் சொல்ல வேண்டிய வார்த்தை ஒன்று இருக்கிறது: "உன்மேல பிழை இல்ல." அந்த அப்பாவிடம் மூன்று முறை போனேன். இரண்டு முறை வாசலோடு அனுப்பிவிட்டார். மூன்றாம் முறை அவருடைய தாயார், எழுத வாசிக்கத் தெரியாத அப்பாயி, இஸ்தோப்பில், அதாவது திண்ணையில், இருந்தபடி, "களவு போனவன் வீட்டையாடா பூட்டுவ? களவாணியத் தேடு" என்றார். பிள்ளை மறு வாரம் பள்ளிக்கூடம் வந்தாள். அன்று அவள் பக்கத்தில் உட்கார நான்கு பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன்.

அந்த நான்கு பேர் விஷயம் எனக்குள் ஊறிக்கொண்டே இருந்தது. ஒரு பிள்ளை எதையாவது போட்டதும் முதலில் யார் பதில் சொல்கிறார்களோ அவர்கள்தான் அதன் அடுத்த படத்தைத் தீர்மானிக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. முதல் பத்துப் பதிலில் இரண்டு கேலி என்றால் அந்தப் படம் அழிந்துவிடும், அதில் இருந்த வீடும் அதோடு அழிந்துவிடும். அதனால் அந்த முதல் பத்தில் நான் இருக்கப் பார்க்கிறேன். 'சூப்பர்' என்று எழுதுவதில்லை. "அந்த மேடு எந்த டிவிஷன்?", "அம்மாயி கையில் இருப்பது என்ன?" என்று கேட்பேன். அவர்களும் பதில் எழுதுவார்கள். அதைப் பார்த்து மற்றவர்கள் எழுதுவார்கள். கொழும்பில், திருப்பூரில், டுபாயில் இருக்கிற எங்கள் பிள்ளைகளிடமும் இதைத்தான் கேட்கிறேன்: ஊர்ப் பிள்ளை ஊரைப் போட்டால் ஒரு வரி எழுதுங்கள்.

வகுப்பில் ஒரு வேலை கொடுத்தேன். தினமும் பார்க்கிற பத்துக் கணக்குகளைத் தாளில் எழுதி, அதில் லயத்தைத் தெரிந்தவர்கள் யார் என்று டிக் போடச் சொன்னேன். பெரும்பாலான தாள்களில் ஒரு டிக்கும் இல்லை. திட்டவில்லை. மலையகத்தில் இருந்து எழுதுகிற, படம் எடுக்கிற, பாடுகிற, காமன் கூத்தைப் பதிவு பண்ணுகிற சிலரைப் பின்தொடரச் சொன்னேன். வந்தால் நின்று பார்க்கச் சொன்னேன், ஏனென்றால் நின்று பார்த்தால்தான் இன்னும் வரும். வயதையும் சரியாகப் போடச் சொன்னேன். டிக்டொக்கில் பதினாறுக்குக் கீழே என்றால் கணக்கு தானாகவே தனிப்பட்டதாக இருக்கும், முன்பின் தெரியாதவர்கள் நேரடியாக மெசேஜ் அனுப்ப முடியாது. பிள்ளைகள் பிறந்த வருடத்தைக் கூட்டிப் போட்டு அந்தப் பாதுகாப்பைத் தாங்களே கழற்றி விடுகிறார்கள்.

அக்கா மகளுக்கு இப்போது பதினேழு. நடன வீடியோக்களில் இன்னும் தகரம் வராமல்தான் பார்த்துக்கொள்கிறாள். நானும் கேட்பதில்லை. போன மாசியில் அவளாகவே வந்து, "சித்தி, அம்மா கொழுந்து எடுக்கிறத ஒரு வீடியோ போடவா? படங்கு, பேரு, நெறுவையெல்லாம் என்னான்னு சொல்லி?" என்றாள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. போடு என்றேன்.

மறுத்தது அக்கா.

"என்னைய கூடையோட எடுக்காத. ஊரு ஒலகமெல்லாம் பாக்கும்."

மகள் கெஞ்சினாள். அக்கா நல்ல சேலை கட்டிக்கொண்டு கோயில் வாசலில் வந்து நிற்கிறேன், அங்கே எடு என்றாள். இந்த வெட்கத்தை அக்காவுக்குப் போனும் கற்றுக்கொடுக்கவில்லை, பேஸ்புக்கும் கற்றுக்கொடுக்கவில்லை. நான் 2012இல் கட்டத்தில் அடித்த சொல்லை எங்கே படித்தேன் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. விறகுக் கட்டோடு குனிந்து ஒதுங்கிப் போன அம்மாவின் நடை ஞாபகத்துக்கு வந்தது.

நான் நடுவில் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மகளே ஒரு வழி சொன்னாள். "சரிம்மா, முகம் வேணாம். கைய மட்டும் எடுக்கிறேன்."

அக்கா யோசித்தாள். "கை மட்டுமா?"

"கை மட்டும்."

மறுநாள் சனிக்கிழமை. பனி இறங்கியிருந்தது. அக்காவின் இரண்டு கைகளும் செடியின் மேல் போய் வருகின்றன, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக, பார்க்காமலே. பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் தேயிலைச் சாயம் ஏறிக் கறுத்த வெடிப்புகள். கை நிறைந்ததும் தோளுக்கு மேலால் பின்னுக்குப் போய், வெறுங்கையாகத் திரும்பி வருகிறது. மகள் வீட்டுத் தமிழில் பேசுகிறாள். ஐம்பத்தெட்டு செக்கன். பில்டர் இல்லை.

இரவு ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த அக்கா, அடுப்பிலிருந்து முகத்தைத் திருப்பாமலே கேட்டாள்.

"எத்தன பேரு பாத்திருக்காங்க?"